உக்கிரபாண்டி பார்த்து வாங்கிய அரிவாள்

எருக்கம்பொட்டலில் ஒரு மனுஷன் இருந்தான். உருப்படியான அரிவாள் என்று ஒன்றை அவன் கண் இந்த உலகத்தில் பார்த்ததே கிடையாது. நம்புகிறவர்கள் இருந்து கேட்கலாம், நம்பாதவர்கள் எழுந்து போய் ஆளுக்கொரு கட்டு முள் வெட்டலாம், கதைக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர் உக்கிரபாண்டி. பெயரில் இருந்த உக்கிரம் முழுக்க நாக்கிலேயே தங்கிவிட்டதால் கைக்கு ஒன்றும் மிச்சம் வராமல் போன பிறவி. டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, தோளில் அரிவாளைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, அரிவாளை வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுப்பான்.

"இது கருவேப்பிலை கிள்ளுறதுக்கா?" என்பான் ஒருவனிடம்.

பிடியில் பித்தளைப் பூண் மின்னுகிற இன்னொருவனிடம், "மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போறியா, மரம் வெட்டப் போறியா?" என்பான்.

வெட்டாள் கூட்டத்திலேயே மூத்தவள் இருளாயி. கருவேலமுள் குத்திக் குத்திக் கை இரண்டும் பலாப்பழத் தோல் மாதிரி ஆகிப்போனவள். அவளையும் விடமாட்டான். "ஆத்தா, இதைத் தலைக்கு வச்சுப் படுத்துக்க. வேற எதுக்கும் ஆகாது."

"வெட்டுற எனக்கு ஆகுதப்பே. பாக்குற ஒனக்கு ஆகலேன்னா ஒன் கண்ணைத்தான் சாணை பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருப்பாள்.

இப்படி ஊரிலுள்ள இரும்பையெல்லாம் இளக்காரம் பேசிப் பேசியே அரிவாள் பார்ப்பதில் பெரிய ஆள் என்ற பெயரை அவன் வாங்கிவிட்டான். ஒருவன் எல்லாவற்றையும் மட்டம் என்று சொன்னால் அவனுக்கு எது உசத்தி என்று தெரிந்திருக்கும் என நினைக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்கள் நிறைய உண்டு, ஆனால் எருக்கம்பொட்டல் அளவுக்கு மனசார நினைக்கிற ஊர் வேறு இல்லை.

வயல் என்று சொல்லிக்கொள்ள எருக்கம்பொட்டலுக்கு ஒன்றும் கிடையாது. கண்மாய் இருந்தது, கண்மாய் நிறையத் தண்ணீருக்குப் பதிலாகச் சீமைக் கருவேலமரம் நின்றது. வெயில் காலத்தில் அதை வெட்டி, கண்மாய்க்குள்ளேயே அடுக்கி, மேலே மண் பூசித் தீவைத்து, மூட்டம் புகைந்து அடங்கியபின் கரியை அள்ளி லாரியில் ஏற்றினால் அந்த வருஷம் ஊர் சாப்பிடும். மழை முந்திக்கொண்டு கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வருஷம் ஊர் அடுத்த ஊருக்குக் கூலிக்குப் போகும். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

இதில் ஒரு முறை உண்டு. வெட்டு தொடங்குமுன் ஊரில் ஓர் ஆள் சந்தைக்குப் போய்ப் புதிதாக ஓர் அரிவாளைப் பார்த்து வாங்கி வருவான். அதற்கு மூப்பரிவாள் என்று பெயர். எந்த மரமானாலும் முதல் வெட்டு மூப்பரிவாள் போடும், அதற்கப்புறம்தான் மற்ற அரிவாள்கள் மேலே விழும். முறை மீறி வெட்டிய ஒரு வருஷம் மூட்டத்தைப் பிரித்தபோது கரிக்குப் பதிலாக வெறும் சாம்பல் கிடந்ததாம். மண்ணைச் சரியாகப் பூசாமல் காற்று உள்ளே புகுந்திருக்கும், ஆனால் அப்படிச் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. மூப்பரிவாள் சரியில்லை என்றால் மாற்றலாம். ஆனால் அதைப் பார்த்து வாங்கியவன் தன் வாயால், நாலு பேர் கேட்க, "பார்த்தது தப்பு" என்று சொல்ல வேண்டும். சொல்கிறவரைக்கும் வேறு அரிவாள் வாங்கக் கூடாது. சொன்னவனை யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொன்னவன் அப்புறம் டீக்கடை பெஞ்சில் ஓரமாகத்தான் உட்கார வேண்டியிருக்கும்.

அந்த வருஷம் உக்கிரபாண்டியின் வாயை அடைப்பதற்காகவே, "அப்ப நீயே போய்ப் பாத்து வாங்கிட்டு வா" என்று ஊர் சொல்லிவிட்டது. அவனுடைய பெண்டாட்டி பஞ்சவர்ணம் மட்டும், "எவனையாவது தொணைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அவளும் வெட்டாள்தான். வெட்டுகிற கைக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"கண்ணிருக்கிறவனுக்கு எதுக்குடி தொணை?" என்று அவன் கிளம்பிவிட்டான்.

சந்தையில் அரிவாள் வியாபாரி சாக்கை விரித்து வரிசையாகப் பரப்பியிருந்தான். லாரிப் பட்டையை அடித்துச் செய்தவை, தண்டவாளத் துண்டில் செய்தவை, மூக்கு வளைந்தது, மூக்கில்லாதது, கனம் நுனியில் நிற்பது, கனம் கைக்குள்ளேயே நிற்பது என்று எல்லா வகையும் கிடந்தன. பக்கத்தில் ஒரு கருவேலக்கட்டையும் போட்டிருந்தான்.

"கட்டை கெடக்குண்ணே. நாலு போடு போட்டுப் பாருங்க. கையே சொல்லிரும்."

"கட்டையில வெட்டிப் பாக்குறது கண்ணில்லாதவன் வேலை" என்றான் உக்கிரபாண்டி.

எருக்கம்பொட்டல்காரர்களுக்கு ஒரு பழக்கம். உச்சிவெயிலில் அரிவாளைத் தரைக்கு மேலே நீட்டிப் பிடித்து, மண்ணில் விழுகிற அதன் நிழலைப் பார்ப்பார்கள். வாய் கோணியிருந்தால் நிழலில் தெரிந்துவிடும். நிழல் பார்த்து முடித்தபின் கட்டையில் வெட்டிப் பார்ப்பார்கள். உக்கிரபாண்டியோ நிழலை மட்டும் பார்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து, தூக்கிப் பிடித்து, மண்ணைப் பார்த்து, "இது நிழலா, கரித்துணியா?" என்று தூர வைத்தான்; "இதோட நிழல்ல ஈ உக்காந்தா மாதிரி இருக்கு" என்று இன்னொன்றைத் தள்ளினான்; கனம் பார்க்கவில்லை, முதுகில் தட்டி ஓசை கேட்கவில்லை, பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கடைசியில் அடியில் கிடந்த நீளமான ஒன்றை எடுத்துப் பிடித்ததும் மண்ணில் ஒரு நிழல் விழுந்தது பாருங்கள், சவரக்கத்தியால் கீறினது போல அவ்வளவு கூர்மை, தரையில் ஊர்ந்த எறும்பு அதைக் கண்டு சுற்றிப் போனது.

"இந்தா, இது அருவாள்" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இரும்பைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னான். சொல்லவும் அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஊரே கண்மாய்க்குள் இறங்கியது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் மரத்தடியில் வழிவிட்டு நின்றார்கள். உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக்கட்டி, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, அரிவாளை ஓங்கிப் போட்டான். அது மரத்துக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது, தண்ணீருக்குள் கையைவிட்டு எடுப்பது மாதிரி. மரத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு இலை அசையவில்லை. மரத்தடியில் கிடந்த நிழல் மட்டும் தூரோடு அறுந்து, கொடியிலிருந்து நழுவின ஈரச்சேலை போலத் தள்ளிப் போய் விழுந்தது. நிழலை இழந்த மரம் வெயிலில் மொட்டையாக, குளித்துவிட்டுத் துணியைத் தேடுகிறவன் மாதிரி நின்றது.

இருளாயி போய், கிடந்த நிழலின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"குளுகுளுன்னு இருக்கு. முள்ளு இருக்கு, பாத்துத் தூக்குங்க" என்றாள்.

அவ்வளவுதான் ஆச்சரியம். அதற்கப்புறம் வந்ததெல்லாம் தகராறு. நிழலில் விழுந்த வெட்டு மரத்தில் விழுந்ததாகுமா ஆகாதா என்று கண்மாய்க்குள்ளேயே உட்கார்ந்து உச்சிப்பொழுதுவரை பேசி, ஆகாது என்று முடிவு கட்டினார்கள். ஆகவே மற்ற அரிவாள்கள் சும்மா கிடந்தன.

"மரம் மட்டமான மரம்பா" என்றான் உக்கிரபாண்டி. "இந்த அருவாளோட தரத்துக்கு இது காணாது. நல்ல மரத்துல போட்டுக் காட்டுறேன்."

அன்று கண்மாய் முழுக்கச் சுற்றி நல்ல மரம் தேடினான். தேடின இடமெல்லாம் நிழல் அறுந்து விழுந்ததே தவிர ஒரு சுள்ளி விழவில்லை. மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான், வெயில் ஏற ஏற நிழல்கள் தார்த்தாராக விழுந்து குவிந்தன. வெட்டாள்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க எத்தனை நாள்தான் முடியும், ஆளுக்கொரு நிழலைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

எருக்கம்பொட்டலுக்கு நிழல் என்பது லேசுப்பட்ட பொருள் இல்லை. பஸ் நிறுத்தத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு இருந்தது, கூரை இல்லை. அங்கே நாலு நிழலைக் கட்டித் தொங்கவிட்டதும், கைகாட்டினாலும் நிற்காத பஸ், டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்காகத் தானாகவே நின்றது. டீக்கடைக்கு முன்னால் பந்தல் மாதிரி விரித்தார்கள். சடங்கு வீட்டுக்காரர்கள் பந்தல்காரனை வேண்டாமென்று அனுப்பிவிட்டு நிழல் போட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு முள் குத்தியது, ஆனாலும் சாப்பிடாமல் ஒருவனும் எழுந்திருக்கவில்லை. பொழுது இறங்குமுன் நிழலைச் சுருட்டிக் கோழிக்கூடைக்குள் அடைக்க வேண்டும் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். வெளியே விட்டுவைத்தவர்களின் நிழல் இருட்டோடு இருட்டாகப் போய்க் கலந்துவிடும், காலையில் தேடினால் கிடைக்காது, பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்தாள் என்று சண்டை வரும். மிளகாய் காயப்போட்ட களத்தில் காற்றுக்கு ஒரு நிழல் பறந்துபோய் விழுந்து, கீழே மிளகாய் பூஞ்சணம் பூத்துப் போனதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. உக்கிரபாண்டியின் கை தவறி வெட்டு ஓர் ஆட்டின்மேல் பட்டுவிட, ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிழல் மட்டும் தனியாகப் போய் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க வந்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்து, குறை என்னவென்று சொல்லத் தெரியாமலே வேண்டாம் என்று போனார்கள்.

இதையெல்லாம் விசாரிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜீப்பை நிழலில் நிறுத்தச் சொன்னார், நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தார், மரங்களுக்குச் சேதம் ஒன்றுமில்லை என்று திருப்தியோடு எழுந்தார், போகும்போது முள் குறைந்த நிழலாக ஒன்று பின்சீட்டில் வைக்கச் சொன்னார்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த ஊருக்கு நிழலிலும் தரம் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. "கருவேல நிழல் அரிக்குதுப்பா, ஒரு வேப்ப நிழல் வெட்டிக்குடு" என்றார்கள். கோயில் வேம்பின் நிழலை அவன் வெட்டிக் கொடுத்தான். அதற்காக ரெண்டு தெரு அடித்துக்கொண்டது, கோயில் வாசலில் சாமி கும்பிட நின்றவர்களுக்குக் கால் பொசுங்கியது, அதற்கும் அவனைத்தான் திட்டினார்கள். நேற்றுவரை பொட்டல்வெளியில் வெந்து கிடந்த கூட்டம், இன்றைக்கு நிழல் தடிமன் போதவில்லை என்று முகம் சுளித்தது. உக்கிரபாண்டிக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒரு நல்ல பொருளின் அருமை தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்தான். எல்லாரையும் அப்படி நினைப்பது அவனுக்குப் பழக்கம்தான் என்றாலும், இந்தத் தடவை கொஞ்சம் நியாயமும் இருந்தது.

ஆனால் நிழலை அடுக்கித் தீவைத்தால் கரி வராது. கரி லாரி வந்தது, காலியாக நின்றது, டிரைவர் நிழலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் காலியாகவே திரும்பினான். அன்றைக்குப் பஞ்சவர்ணம் கஞ்சிக்கலயத்தை அவன் முன்னால் வைத்தாள். கலயத்தில் தண்ணீர்தான் அதிகம்.

"ஒரு வார்த்தை" என்றாள். "பாத்தது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே வேற அருவாள் வாங்கி எறங்கிருவோம். அத்தனை குடும்பமும் ஒங்க வாயைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு."

"அருவாள்ல தப்பில்லை."

"அருவாள்ல தப்புன்னு யாரு சொன்னா? பாத்தவங்கிட்டத்தான் தப்பு."

"போடி. ஒங்க அண்ணன் ஊர்ல போயி கேளு, இந்த நிழலுக்கு எம்புட்டு மரியாதைன்னு."

"எங்கண்ணன் வந்து அதுல ஒக்காந்துட்டுத்தான் போனாரு. எந்திரிச்சுப் போகையில சிரிச்சுட்டுப் போனாரு. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

அவன் கஞ்சியைக் குடித்தான். உள்ளுக்குள் அந்த வார்த்தை புரண்டது, இல்லை என்று சொல்ல முடியாது. தொண்டைவரை வந்து, பெஞ்சின் ஓரத்தை நினைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

வெயில் காலம் அப்படியே கழிந்தது. ஒருநாள் காலையில் மேற்கே மேகம் ஏறி, விடிந்ததும் தெரியாமல் வானம் மூடிக்கொண்டது. ஊரில் விரித்திருந்த நிழல்களெல்லாம் தண்ணீரில் விழுந்த வெல்லம் மாதிரி கரைந்து, எது நிழல் எது தரை என்று தெரியாமல் போயின. உக்கிரபாண்டி வழக்கம்போல அரிவாளோடு கண்மாய்க்குள் இறங்கி, வழக்கம்போல ஒரு மரத்தில் ஓங்கிப் போட்டான். வெட்டுவதற்கு நிழல் இல்லாத அரிவாள் வேறு வழியின்றி மரத்தை வெட்டியது. எப்படி வெட்டியது என்கிறீர்கள், தொடை மொத்தத் தூர் வாழைத்தண்டு மாதிரி ஒரே போடில் அறுந்து, மரம் முறியும் சத்தம்கூட இல்லாமல், மரியாதையாகச் சாய்ந்தது.

"பாத்தீங்களாடா" என்று கத்தினான். கண்மாய்க்குள் ஒருவரும் இல்லை. எல்லாரும் கரைமேல் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே மழை எப்போதோ இறங்கிவிட்டது. வரத்துக்கால்வாயில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது.

"ஏறி வாங்க" என்று பஞ்சவர்ணம் கூப்பிட்டாள்.

"எறங்கி வாங்க" என்று அவன் கூப்பிட்டான். "முதல் வெட்டு விழுந்தாச்சு. எல்லாரும் வந்து வெட்டுங்க."

முழங்கால் தண்ணீரில் எவன் வெட்டுவான்? அவன் மட்டும் வெட்டினான். கணுக்கால் தண்ணீரில் வெட்டினான், முழங்கால் தண்ணீரில் வெட்டினான், இடுப்புத் தண்ணீரில் நின்று தலைக்குமேல் ஓங்கி வெட்டினான், ஒரு போட்டுக்கு ஒரு மரம், இரண்டாவது போடு என்ற பேச்சே இல்லை, அவன் வாழ்நாளில் வெட்டியிராத வெட்டு, அந்தக் கண்மாயே பார்த்திராத வெட்டு. வெட்டின மரமெல்லாம் எழும்பி மிதந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கண்மாய் நிறைந்து வழிகிற மறுகாலில் ஏறிக் குதித்துப் பள்ளக்குடியைப் பார்த்துப் போயின. கரையில் நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். மார்பளவு வந்ததும் இருளாயி கயிறு வீசி அவனை இழுத்துப் போட்டாள். மாட்டை இழுப்பது மாதிரிதான் இழுத்தாள்.

பள்ளக்குடி, பஞ்சவர்ணத்தின் அண்ணன் தவசியின் ஊர். கால்வாய் ஓரம் மரம் தானாக வந்து ஒதுங்கினால் எந்த ஊர்தான் வேண்டாமென்று சொல்லும்? இழுத்துப் போட்டு, மழை ஓய்ந்து வெட்டாப்பு விட்ட நாளில் காயவைத்து, மேட்டில் மூட்டம் போட ஆள் வேண்டுமென்று சொல்லியனுப்பினார்கள். எருக்கம்பொட்டல் வெட்டாள்கள் மொத்தமும், எந்த மரத்தை அவர்கள் வெட்டிக் கரியாக்கியிருக்க வேண்டுமோ அதே மரத்தை அடுக்கக் கூலிக்குப் போனார்கள். உக்கிரபாண்டி வீட்டிலேயே இருந்தான். ஆனால் போனவர்கள் வாயிலாக ஒரு பேச்சு வந்தது: அந்த மரங்களில் வெட்டு விழுந்த முகத்தை, வெட்டுவாயைப் பார்த்துப் பள்ளக்குடியே அசந்துபோய்க் கிடக்கிறது என்று. அதைக் கேட்டபின் அவனால் இருக்க முடியவில்லை. மீசையை நீவிக்கொண்டு புறப்பட்டான்.

மூட்டம் பாதி எழும்பியிருந்தது. தவசி ஒரு தடியைத் திருப்பி வைத்துக்கொண்டு வெட்டுவாயைக் கையால் தடவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாப்ளே. இந்தா, இதைப் பாருங்க. ஒரே போடு. கண்ணாடி மாதிரியில்ல இருக்கு. எங்க அப்பச்சி காலத்துலயும் இப்படி வெட்டு நான் பாத்ததில்லை. அருவாள்னா இது அருவாள்."

உக்கிரபாண்டியின் நெஞ்சு நிமிர்ந்தது. ஆயுசு முழுக்க அவன் காத்திருந்தது இந்த வாக்கியத்துக்குத்தான். வாயைத் திறந்தான்.

தவசி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் தொடர்ந்தான். "ஒண்ணுதான் மாப்ளே எனக்கு வெளங்கலை. இப்பேர்ப்பட்ட அருவாளை வச்சிருந்தவன், கோடை பூரா கம்மாய்க்குள்ள என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்? வெட்டுற காலத்துல வெட்டாம, வெள்ளத்துல வெட்டி எங்க ஊருக்கு விட்டிருக்கானே. யாரு மாப்ளே அது?"

தவசிக்கு எல்லாம் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மரம் சுமந்துகொண்டிருந்தவர்கள் சுமையோடு நின்றார்கள். பஞ்சவர்ணம் மண்கூடையை இடுப்பில் இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். என்னுடைய அரிவாள் என்று சொன்னால், கோடையில் ஏன் வெட்டவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் பார்த்தது தப்பு என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் இந்த வெட்டு எவனோ போட்ட வெட்டாகப் போய்விடும். உக்கிரபாண்டி வெட்டுவாயைப் பார்த்தான், நல்ல வெட்டு, மோதிரம் மோதிரமாக மரத்தின் வயசு தெரிந்தது. அப்புறம் எச்சிலைக் கூட்டித் தூரத் துப்பினான்.

"எவனோ கேனப்பய" என்றான். "எங்க ஊர்ல அருவாள் பாக்கத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்? எவன் பாத்து வாங்குனானோ, அவன் பாத்தது தப்பு."

இருளாயி சுமையைப் பொத்தென்று கீழே போட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களாப்பா? சொல்லிட்டான்."

"பேரு சொல்லலையே" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"பேரு எதுக்கு? வாய் அவருதுதானே" என்றாள் பஞ்சவர்ணம். "நாலு பேரு கேட்டாச்சு. தண்ணி வத்தட்டும், அடுத்த அருவாளை நாங்க கட்டையில வெட்டிப் பாத்து வாங்கிக்கிறோம்."

அவன் மறுத்துப் பேச வாயெடுத்தான். என்னவென்று மறுப்பது, நான் பார்த்தது தப்பில்லை என்றால் நான் பார்த்தேன் என்று ஆகிவிடும். அதற்குள் தவசியின் ஆட்கள் அந்தத் தடியைத் தூக்கிப்போய் மூட்டத்தில் செருகினார்கள். வெட்டுவாய் வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. மூட்டத்தைச் சுற்றிலும் அதே மாதிரி வெட்டுவாய்கள், ஒரே போடு, ஒரே போடு, ஒரே போடு, வட்டம் வட்டமாக அவனையே பார்த்தன.

பஞ்சவர்ணம் மண்கூடையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"சும்மா நிக்காதீங்க. பூசுங்க. ஒரு வெட்டுவாய்கூடத் தெரியக் கூடாது, காத்துப் புகுந்துரும்."

அவன் பூசினான்.